நல்ல ஆம்ப்ளி தேவை

"எப்படி இருக்கு?" என்று மனைவி மறுபடியும் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தலையில் அந்தப் பெரிய ஹெட்போன். காதைச் சுற்றி மெத்து மெத்தென்று தோல். உள்ளேயோ, பாடகி எங்கோ பக்கத்துத் தெருவில், சன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பாடுவது போலிருந்தது.

"அடடா!" என்றார்.

"நிஜமாவா?"

"மூச்சு வாங்கறது கூடக் கேக்குது."

அது பொய்யில்லை. மூச்சு வாங்குவது கேட்கத்தான் செய்தது. ஆனால் அது அவருடைய சொந்த மூச்சு.

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலராதா பின்னே? பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை மாலை கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அத்தனையும் அந்த ஹெட்போனில் இருந்தது. ஒரு காது மட்டும் வேலை செய்கிற பழைய இயர்போனில், ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, அவர் வருஷக்கணக்காகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "பாதிப் பாட்டைக் கேட்டே உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லி, பழையதைத் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டு, புதியதை அவர் தலையில் மாட்டினாள். தனக்கென்று ஒரு செருப்புக்கூட வாங்கிக்கொள்ளாதவள். அவளிடம் போய் "ஒண்ணும் கேக்கல" என்று எந்த வாயால் சொல்வது?

"ஞாயித்துக்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது. நானும் ஒரு பாட்டு முழுசாக் கேக்கப்போறேன். அந்த மூச்சு வாங்கற இடத்தை எனக்குக் காட்டணும், சரியா?" என்றாள் அவள்.

"காட்டறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. மறுநாள் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு லென்ஸை மாட்டி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டி, "முதல்ல போட்டது சத்தமா இருந்துச்சா, இப்பப் போட்டதா?" என்று கேட்டுவிட்டார்.

பெரியவர் லென்ஸைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

அடுத்த மேசையில் ஃபிரேம் விற்கிறவருக்குக் கடையில் 'அகராதி' என்று பெயர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், கேட்காவிட்டாலும் வைத்திருப்பார். பெரியவர் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"இவ்வளவுதானா? பெரிய ஹெட்போனுக்குப் போன் எப்படிப் பத்தும்? யானைக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடற மாதிரி. நடுவுல ஒரு ஆம்ப்ளி வைக்கணும்."

"ஆம்ப்ளியா?"

"ஆம்ப்ளிஃபயர். போன்ல வர்ற சத்தத்தை வாங்கி, பெருசாக்கி, ஹெட்போனுக்குக் குடுக்கற பெட்டி."

கண்ணாடிக்காரர் போனில் விலையைத் தேடிப் பார்த்தார். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். ஹெட்போன் விலைக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தன அந்த விலைகள். பெரும்பாலும் அக்கா.

"எதுக்குப் புதுசு? என் மாமனார் மேடையில பேசறதுக்கு ஒண்ணு வச்சிருந்தார். சும்மாதான் கிடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார் அகராதி.

அன்று மாலை அதைக் காய்கறிப் பையில் போட்டு, மேலே வெங்காயத்தைப் பரப்பி, கை இற்றுப்போகத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் மனைவி பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அறைக் கதவைச் சாத்தி, ஒயரைச் சொருகி, ஹெட்போனை மாட்டிச் சுவிட்சைத் தட்டினார்.

முதலில் ஒரு வண்டு பறந்தது. பிறகு அந்த வண்டின் உறவுக்காரர்கள் எல்லாரும் பறந்தார்கள். பிறகு 'டப்' என்றது. வீட்டு விளக்கெல்லாம் அணைந்தது.

"என்னங்க, என்னமோ கருகற வாசனை வருதே!" என்று கூடத்திலிருந்து மனைவி கத்தினாள்.

"எனக்குக் கேக்கலையே!" என்று பதில் கத்தினார் அவர்.

கொதிக்கிற பெட்டியை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அங்கே அம்மா மடித்து வைத்திருந்த சால்வை இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது அதில் அப்பளம் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. சால்வையைச் சுருட்டித் தன் கடைப் பையில் ஒளித்தார். கெட்டுப்போன ஆம்ப்ளிக்கு அகராதியிடம் பதில் சொல்ல வேண்டும், ஓட்டைச் சால்வைக்கு அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும், கேட்காத ஹெட்போனுக்கு மனைவியிடம் பதில் சொல்ல வேண்டும். ஒரு பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட மனுஷனுக்கு இத்தனை பாடு.

விளக்கு வந்த பிறகு தங்கை மெல்ல வந்து கதவோரம் நின்றாள்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களின் பெயர், பிறந்த தேதி, எந்தப் பல் என்று குறித்துக்கொண்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. அதிகம் பேசாத பெண். கல்யாணப் பேச்சை எடுத்தால் அதுவும் போய்விடும், சிரித்துவிட்டு எழுந்து போவாள். ஆனால் கை சும்மா இருக்காது. வீட்டில் போன், டிவி எதில் கோளாறு என்றாலும் அவள்தான் சரிசெய்வாள். ஹெட்போன் வந்த அன்றைக்கும் அண்ணனுடைய போனை வாங்கி எதையெதையோ தட்டி, "இனிமே கேளு அண்ணா" என்று கொடுத்தது அவள்தான்.

"ஆம்ப்ளி வாங்கற யோசனையா அண்ணா?"

"மெதுவாப் பேசு! உனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிலுக்கு அடியிலேர்ந்து புகை வருது."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியை மறைத்தார்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வருவார். பழைய ஆம்ப்ளியை வாங்கி, பிரிச்சுச் சரிபண்ணி விக்கறவர். நியாயமாக் குடுப்பார். நம்பரை எழுதிக்கோ" என்று எதையும் பார்க்காமல் நம்பரைச் சொன்னாள்.

"பல் வலியா அவருக்கு?"

"என்ன வலின்னு தெரியல. ஒரே பல்லுக்கு வாரா வாரம் வர்றார். டாக்டரும் தட்டித் தட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கறார்."

"ஐயோ பாவம்" என்றார் கண்ணாடிக்காரர்.

மறுநாள் காலையிலேயே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே கேட்காமலிருக்கக் குழாயையும் திறந்துவிட்டு, அந்த நம்பருக்குப் பேசினார். தண்ணீர்ச் சத்தத்தில் மறுமுனைக்கும் கேட்கவில்லை. அதனால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தம்பி, நல்ல ஆம்ப்ளியா ஒண்ணு வேணும்! ஆம்ப்ளி! செலவு மட்டும் அதிகம் ஆகக் கூடாது… பழசா இருந்தாப் பரவாயில்லை… இதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட இருந்தது?… ரெண்டா? சரி, போகட்டும்… சட்டுனு சூடாயிடுமா?… உறுமுமா?… ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்துடுங்க. பிடிச்சிருந்தா வச்சுக்கறோம், பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவேன்… வீட்ல யாருக்கும் தெரியாது, கொஞ்சம் பாத்து வாங்க!"

கதவைத் திறந்தால், எதிரே அம்மா. சால்வையைத் தேடி வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றாள்.

கண்ணாடிக்காரர் அவசரமாகக் குழாயை மூடினார். "அம்மா, உன் காலைப் பிடிச்சுக்கறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

"அவகிட்டயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா மனசு உடைஞ்சிடுவா. ஒரு குறையும் இல்லைன்னு சந்தோஷமா இருக்கா. இது இல்லாமச் சரிப்படாதுன்னு அவ வாயால சொல்லவே மாட்டா."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. "வாஸ்தவம்தான். சிரிச்சுச் சிரிச்சே மழுப்பிடறா. உனக்காவது அவ கவலை இருக்கே, அது போதும். ஆனா பழசு எதுக்குடா கண்ணு? புதுசாப் பாக்கக் கூடாதா?"

"புதுசெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதும்மா."

"ரெண்டு இடத்துல இருந்ததுன்னு காதுல விழுந்துச்சே?"

"அதனால என்ன? முதல் வீட்ல இடம் பத்தலை. ரெண்டாவது வீட்ல, உறுமுதுன்னு திருப்பிட்டாங்க."

அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "உறுமினா?"

"தலையில லேசாத் தட்டினாப் போதுமாம், அடங்கிடுமாம்."

"அது இதுன்னு பேசாதடா. கொஞ்சம் மரியாதையாப் பேசு."

அம்மாவுக்குத் துடைப்பத்தைக்கூடக் காலால் தள்ளினால் பிடிக்காது. அதனால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரிம்மா" என்றார்.

"பாக்க எப்படி?"

"கொஞ்சம் வயசு தெரியும்னு சொன்னார். மேல கறுப்புப் பூசியாச்சாம்."

"இந்தக் காலத்துல யார்தான் பூசிக்கல" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். சால்வையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தப்பித்தோம் என்று கண்ணாடிக்காரர் கடைக்கு ஓடினார். ஓடின மனுஷன் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். விதி யாரை விட்டது?

சாயங்காலம் திரும்பி வந்தபோது மனைவி சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"அத்தை எல்லாத்தையும் சொன்னாங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது.

"என்கிட்ட மறைக்கணும்னு எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்…"

"வருத்தம்தான் படறேன்! செலவைப் பாத்தா செய்யற காரியம் இது? யாரோ வேண்டாம்னு தள்ளினதை நம்ம வீட்டுக்குக் கொண்டுவரணுமா? என் வகுப்புப் பணம் வருது. கடன உடன வாங்கியாவது நல்லதாப் பாக்கலாம்."

கண்ணாடிக்காரர் நெகிழ்ந்துபோனார். வாங்கிக் கொடுத்தது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகும், அதற்கு மேலும் செலவு செய்ய நிற்கிறாளே! "வேண்டாம்மா. நீ இதுவரைக்கும் செஞ்சதே பெருசு. ஞாயித்துக்கிழமை வரட்டும், பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நம்பரைக் குடுத்ததே அவதானே."

மனைவி சட்டென்று திரும்பினாள். "அவளா குடுத்தா?"

"பாக்காமலே சொன்னா."

"ஓஹோ" என்றாள் மனைவி. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் போனாள். உள்ளே இருவரும் கிசுகிசுவென்று பேசுவது அவருக்குக் கேட்டது. ஹெட்போனை விட அது நன்றாகவே கேட்டது, ஆனால் வார்த்தைதான் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் "எப்படி இருக்கு?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தினமும் ஹெட்போன் பெட்டியைத் துடைத்து வைப்பவள், இப்போது அந்தப் பக்கமே போகவில்லை. பெட்டி மேல் தூசி படிந்தது. கண்ணாடிக்காரர் அந்தத் தூசியைப் பார்த்துப் பார்த்து மறுகினார். வெறுத்துவிட்டாள். ஆசை ஆசையாய் வாங்கியதைக் கண்ணால் பார்க்கவும் பிடிக்கவில்லை அவளுக்கு. இனி அந்த ஆம்ப்ளி வந்து, பாட்டு அருவி மாதிரி கொட்டினால்தான் அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வரும். கொட்டாவிட்டால்? அவரால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. கடையில் ஒருவருக்கு இடது கண்ணுக்குச் சொல்ல வேண்டியதை வலது கண்ணுக்கு எழுதிவிட்டு, பாதித் தெரு துரத்திப் போய்த் திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. திரைச்சீலை மாறியது. தரையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. அம்மா பெட்டியின் அடியிலிருந்து நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையை மூன்றாம் தடவையாகச் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆம்ப்ளிக்காம்மா இவ்வளவு ஏற்பாடு?" என்றார் அவர்.

"ஆம்பளைன்னா அவ்வளவு இளப்பமா உனக்கு?" என்றாள் அம்மா.

பல் செட்டு வைத்ததிலிருந்தே அம்மாவுக்கு வார்த்தைகள் அப்படி இப்படி வழுக்கும். அவர் பேசாமல் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

மத்தியானம் மணி அடித்தது. வாசலில் நெடுநெடுவென்று ஒரு மனிதர், மார்போடு ஒரு பெட்டியை அணைத்தபடி நின்றார். முடி மட்டும் முன்பக்கம் கொஞ்சம் விடைபெற்றிருந்தது. மற்றபடி லட்சணமான முகம். உள்ளே வந்தவர் கண் வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியது.

"வாங்க, வாங்க. பெட்டியைக் கீழ வைங்க. எங்க ஓடிடப் போகுது?" என்று அம்மா நல்ல நாற்காலியைக் காட்டினாள். எதிரே அவளும் மருமகளும் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு உட்கார இடமில்லை. நின்றார்.

"மனசுல எதையும் வச்சுக்காமக் கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று அம்மா ஆரம்பித்தாள். "முன்னாடி ரெண்டு இடத்துல ஒத்து வரலைன்னு கேள்விப்பட்டோம்."

"ஆமாங்கம்மா" என்றார் ஆம்ப்ளிக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "முதல் வீட்ல எந்தப் பிரச்சினையும் இல்லை. ரெண்டாவது வீட்ல உறுமல்."

"இப்ப உறுமல் எப்படி?"

"நான் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துச் சரிபண்ணிட்டேன். இனிமே வராது. வந்தாலும் தட்டலாம்."

"யார் தட்டணும்?"

"யார் வேணாலும் தட்டலாம். சின்னப் பிள்ளைங்க கூட."

அம்மாவும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு அடக்கமான மனிதரை அவர்கள் கண்டதில்லை.

"சாப்பாட்டுல எப்படி?" என்றாள் அம்மா.

ஆம்ப்ளிக்காரர் விழித்தார். "சாப்பாடா? கரண்டு மட்டும்தாங்கம்மா."

மருமகளின் கண் கீழே இருந்த பெட்டிக்குப் போனது.

"என்னங்க," மனைவி மெதுவாக எழுந்தாள், "அந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

"ஆம்ப்ளி."

"ஆம்பளையா?"

"ஆம்ப்ளி! ஆம்-ப்-ளி! ஹெட்போனுக்கு!"

அம்மா பல் செட்டை நாக்கால் ஒருமுறை சரிசெய்துகொண்டாள். "அப்ப, உன் தங்கச்சிக்கு நீ மாப்பிள்ளை பாக்கலையா?"

"மாப்பிள்ளையா? நான் எங்கம்மா பாத்தேன்?"

ஆம்ப்ளிக்காரருக்குக் காது நுனிவரை சிவந்தது. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அந்த நேரத்தில் மறைந்துகொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

மனைவி அதையெல்லாம் கவனிக்கவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹெட்போனுக்கு எதுக்கு ஆம்ப்ளி?"

இனி ஒளிக்க ஒரு குளியலறையும் இல்லை. "சத்தம் வரலைம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "முதல் நாள்லேர்ந்தே வரலை. எறும்பு பாடற மாதிரி இருக்கு."

"அப்ப அந்த மூச்சு?"

"என்னோடது."

அவள் உள்ளே போனாள். தூசி படிந்த பெட்டியைக் கொண்டுவந்து, முன்கையால் துடைத்து, ஆம்ப்ளிக்காரர் முன்னால் வைத்தாள். "நல்லதுன்னு நினைச்சுத்தாங்க வாங்கினேன்" என்றாள். அது கணவரிடம் சொன்னதா, வந்தவரிடம் சொன்னதா தெரியவில்லை. கண்ணாடிக்காரருக்கு அந்த நிமிஷம், வந்தவர் கொண்டுவந்த பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆம்ப்ளிக்காரர் ஹெட்போனைக் கையில் எடுத்ததும் கூச்சமெல்லாம் மறந்துபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் ஆம்ப்ளி இல்லாமல் கேட்போம் என்று கண்ணாடிக்காரரின் போனிலேயே சொருகிக் காதில் வைத்தார். புருவம் சுருங்கியது. போனை ஏதோ தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இது தங்கமான ஹெட்போனுங்க. ஒரு குறையும் இல்லை. ஆம்ப்ளி வச்சா இன்னும் அழகா இருக்கும், ஆனா இல்லாமலே நல்லாக் கேக்கணும்."

மனைவி நிமிர்ந்தாள். "குறை இல்லையா?"

"குறை போன்ல. சத்தம் கால்வாசிக்கு மேல ஏறாம யாரோ பூட்டு போட்டு வச்சிருக்காங்க. திறக்கறதுக்கு நாலு எண் கேக்குது."

மனைவியின் முகத்தில், விளக்குப் போய் வந்தது போல் ஒரு வெளிச்சம் வந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக உட்கார்ந்தார், நாற்காலி இல்லாத இடத்தில். யாரும் அவரைத் தூக்கவில்லை, எல்லாருக்கும் போனில்தான் கண்.

"உங்க பொறந்த நாளைப் போடுங்க" என்று மனைவி குனிந்து அவரிடம் சொன்னாள். போட்டார்கள். திறக்கவில்லை. கல்யாண நாள். திறக்கவில்லை. அம்மா தன் வயதை முதல் தடவையாக வெளியில் சொன்னாள். அதற்கும் திறக்கவில்லை.

"யாருடா இந்த வேலையைப் பண்ணது?" என்றாள் அம்மா.

அப்போதுதான் தங்கை டீ தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். அத்தனை கூத்திலும் வாயே திறக்காதவள், வந்தவருக்கு முன்னால் மட்டும் ஒரு கோப்பையை வைத்தாள்.

"பொறந்த நாளைப் போட்டுப் பாருங்க" என்றாள்.

"எல்லாரோடதும் போட்டாச்சேடி" என்றாள் அம்மா.

தங்கை அம்மாவைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. ஆம்ப்ளிக்காரரைப் பார்த்தாள்.

"உங்களோடதை."